கடக்நாத் சேவலுக்குப் பொரிச்ச குஞ்சுல பாதி வெளுப்பா இருக்கே, ஏமாந்துட்டேனா?

மாடிக்கோழி, ராமமூர்த்தி நகர்
ஹோசகோட்டே பக்கம் ஒரு பண்ணையில கடக்நாத் சேவல் வாங்கினேன். கொண்டை, நாக்கு, கால் எல்லாம் கறுப்பு. ஊர்ல இருந்து கொண்டுவந்த மஞ்சக்கால் நாட்டுப் பெட்டைகளோட விட்டேன். ஒரே அடையில பொரிச்ச குஞ்சுல சிலதுக்குக் காலும் தோலும் கரி, மத்ததுக்கு வெளுப்பு. சேவல் கலப்படம்ங்கறார் எதிர்வீட்டு அண்ணன். நிஜமா?

ஓசூர்க்காரன்
ஒரிஜினல்னா ரத்தமே கறுப்பா இருக்கும் ப்ரோ. ஊசி குத்திப் பாருங்க.

ஹெசரகட்டா தாத்தா
குத்தித் தொலைக்காதீங்க தம்பி. கடக்நாத் ரத்தமும் சிவப்புதான், முட்டையும் வெளிர் பழுப்புதான். யூடியூப்காரன் பேச்சைக் கேட்டு எத்தனை கோழி பாடுபடுதோ!

உங்க சேவல் மேல சந்தேகப்பட இதுல ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் பொறுங்க. கறுத்ததெல்லாம் பெட்டையாவும் வெளுத்ததெல்லாம் சேவலாவும் நிக்கும், பந்தயம்.

கறுப்பா வெளுப்பான்னு ரெண்டு மரபணு சேர்ந்து தீர்மானிக்குது. ஒண்ணு, 20ஆம் குரோமோசோம்ல இருக்கு. அங்கே ரெண்டு துண்டு இரட்டிச்சு, அதுல ஒண்ணு தலைகீழா ஒட்டியிருக்கு. அந்த இடத்துல இருக்கிற ஈடிஎன்3 மரபணு அளவுக்கு மீறி வேலை செய்யுது; நிறமிச் செல்லெல்லாம் பெருகி எலும்பு, குடல் வரைக்கும் போய் உக்காருது. 2011ல இதைக் கண்டுபிடிச்சாங்க. சீனத்து சில்க்கி, இந்தோனேசியாவோட அயம் செமானி, சுவீடன்ல ஒரு கறுப்புக் கோழி, நம்ம மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கடக்நாத், எல்லாத்துலயும் அதே ஒட்டு, அதே இடத்துல. அப்படின்னா எப்பவோ ஒரே ஒரு கோழியில நடந்தது இத்தனை நாட்டுக்கும் போயிருக்கு. அங்க இருக்கிற பீல், பீலாலா பழங்குடி ஜனங்க காலங்காலமா காப்பாத்திட்டு வந்ததுக்குத்தான் 2018ல ஜாபுவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

ரெண்டாவதுதான் உங்க வீட்டு விவகாரம். கோழியில ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற இசட் குரோமோசோம்ல தோல் கறுப்பைத் தடுக்கிற ஒரு மரபணு உண்டு. மஞ்சக்கால் கோழிகிட்ட அது இருக்கும், கடக்நாத்கிட்ட இருக்காது. சேவலுக்கு ரெண்டு இசட், பெட்டைக்கு ஒண்ணுதான். மகளுக்கு அந்த ஒண்ணு அப்பன்கிட்டேர்ந்து வரும். தடுக்க ஆளில்ல, கறுத்துடும். மகனுக்கு அம்மாவோட இசட்டும் வர்றதால வெளுத்துடும். 1911லேயே பேட்சன், புன்னட்னு ரெண்டு மரபியல் விஞ்ஞானிங்க சில்க்கியில இந்தக் கணக்கைப் போட்டு எழுதிட்டாங்க.

உங்க சேவல் சுத்தம்னு இது சத்தியம் பண்ணாது, அதையும் சொல்லிடறேன். நாட்டுக்கோழி ரத்தம் கலந்த கறுப்புச் சேவலுக்கும் இதே மாதிரி குஞ்சு வரலாம். ஆனா இந்தக் குஞ்சைக் காட்டி அதைக் கலப்படம்னு சொல்ல முடியாது.

மாடிக்கோழி, ராமமூர்த்தி நகர்
ரொம்ப நன்றி ஐயா. வெளுத்ததுலதான் கொண்டை முளைக்கிற மாதிரி தெரியுது! கறுத்த பெட்டைகளைப் பெருசானதும் அதே சேவலோட விட்டா?

ஹெசரகட்டா தாத்தா
சேவல் சுத்தமா இருந்தா அத்தனையும் கறுப்பாத்தான் வரும். அங்கதான் வில்லங்கமே. கால் பங்கு நாட்டுக்கோழி உள்ளே இருக்கும், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. சந்தையில கடக்நாத்னு விலைபோறதுல பாதி இந்த ரகம்தான்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். அப்பனோட மகளை விடாதீங்க, வேற சேவல் பாருங்க. வீட்டு முட்டைக்குன்னா இந்தக் கலப்பே தேவலை. கடக்நாத் சுலபத்துல அடைக்கு உக்காராது, நாட்டுப் பெட்டை ரத்தம் கொஞ்சம் உக்காரவைக்கும். விக்கறப்ப மட்டும் கலப்புன்னு சொல்லி வித்துடுங்க.