புதுப்பிப்பு: ஊருல இரிந்தே ஆக்கிடெக்ட் ஆகலாமா எண்டு கேட்டவன்தான்

மொறட்டுவை கம்பஸ்ல ஆக்கிடெக்சர் 5 வருசம் முடிச்சிட்டு மட்டக்களப்புலயே ட்ரெயினிங் செய்யலாமா எண்டு முந்திக் கேட்டிருந்தன், கனபேர் கொழும்புக்குப் போ எண்டீங்க. போகல்ல. கல்லடியில சார்ட்டர்ட் ஆன, எண்டா முழுத் தகுதி எடுத்த ஒரு அண்ணன்ட ஒஃபிஸ்ல சேர்ந்தன், சம்பளம் சொல்லுற மாதிரி இல்ல, ஆனா களுவாஞ்சிக்குடியில ஒரு வீட்டு வேலைய பிளான் கீறினதுல இரிந்து பிரதேச சபை அனுமதி, கொந்தராத்துக்காரரோட ஒப்பந்தம், பில் செக் பண்ணி இவ்வளவு காசு குடுக்கலாம் எண்டு சேர்டிபிகேட் எழுதுற வரைக்கும் நானே பாத்தன். பார்ட் 3க்கு (ட்ரெயினிங்குக்குப் பிறகு ஆக்கிடெக்ட் ஆக எழுதுற எக்ஸாம்) படிக்கக்குள்ள இதுதான் கைகுடுத்தது, டிசைன் இல்ல.

ஒரு பிழை விட்டன். முதல் வேலை செஞ்ச இடத்துல லொக்புக்குக்கு (ட்ரெயினிங்ல செஞ்ச வேலைய எழுதி வைக்கிற புத்தகம்) அப்பப்ப சைன் வாங்கல்ல, மறுகா கேட்டா இழுத்தடிச்சாங்க, நாலு மாச வேலை கணக்குல வரல்ல. மாசா மாசம் வாங்கிடுங்க.

எழுத்து எக்ஸாம் பாஸ், நேர்முகம் இரிக்கு. அம்மா இப்பவே ஊரெல்லாம் 'மகன் ஆக்கிடெக்ட்' எண்டு சொல்லித் திரியிறா. ஆக்கிடெக்ட்மாருக்கான சட்டத்துல 1996 வந்த திருத்தப்படி ரெஜிஸ்டர் ஆகாம அந்தப் பேரப் போடேலாம்மா எண்டா, "போர்டா போட்டன், வாயாலதானே" எண்டுறா.