எச்எஸ்ஏ கார்டு டிக்ளைன் ஆகிறது, உதவுங்கள்

டல்லஸ்_மாப்பிள்ளை:
வணக்கம். இந்த ஜனவரியில்தான் முதன்முறையாக ஹை டிடக்டிபிள் பிளானும் (டிடக்டிபிள் என்ற பெரிய தொகை வரை நாமே கட்ட வேண்டிய இன்சூரன்ஸ்) எச்எஸ்ஏவும் (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) எடுத்தேன். சம்பளத்தில் பிடிக்க ஆண்டுக்கு 3,900 டாலர் என்று கம்பெனி போர்ட்டலில் பதிந்தேன். போன வாரம் முழங்காலுக்கு எம்ஆர்ஐ. வரவேற்பில் 640 கேட்டார்கள். எச்எஸ்ஏ கார்டைத் தேய்த்தால் டிக்ளைன்! வரிசையில் நின்றவர்கள் முன் மானம் போயிற்று. பழைய கம்பெனியில் எஃப்எஸ்ஏ (அந்த ஆண்டுச் செலவுக்கென்று கம்பெனி வழியாக ஒதுக்கும் கணக்கு) இருந்தபோது முழுத் தொகையும் ஜனவரியிலேயே கிடைத்தது. கடைசியில் சொந்த கிரெடிட் கார்டில் கட்டினேன். அந்தப் பணம் போனதுதானா?

கணக்குப்பிள்ளை:
கார்டில் கோளாறு இல்லை. இரண்டு வாரச் சம்பளம் என்றால் தடவைக்கு 150 பிடித்திருப்பார்கள். மூன்று சம்பளத்துக்கு 450. அதில் 640 எப்படி வரும்? மருத்துவ எஃப்எஸ்ஏவில் ஆண்டுத் தொகை முதல் நாளே கிடைக்கும். எச்எஸ்ஏவில் போட்டதுதான் எடுக்க வரும். ஆனால் இது உங்கள் பெயரில் உள்ள கணக்கு. வேலை மாறினாலும் கூடவே வரும், டிசம்பரோடு காலாவதியும் ஆகாது.

640 எங்கும் போகவில்லை. கணக்கு தொடங்கிய பிறகு செய்த சிகிச்சை என்றால், பணம் சேர்ந்ததும் உங்கள் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். கெடு கிடையாது. ரசீது மட்டும் பத்திரம். நான் 2019 பல் பில்லையே இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேன், சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

பில்லிங்_அக்கா:
தம்பி, அடுத்த முறை வரவேற்பில் கேட்டவுடன் நீட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் உத்தேசத் தொகைதான். "இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு பில் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஈஓபி (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் விவரத் தாள்) வந்த பிறகு அதில் உங்கள் பங்கு என்று போட்டிருப்பதையும் பில்லையும் ஒப்பிட்டுக் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். வருடாந்திரச் செக்கப், தடுப்பூசிக்கு டிடக்டிபிள் பார்க்க மாட்டார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டல்லஸ்_மாப்பிள்ளை:
நன்றி அக்கா, இப்போதுதான் மூச்சு வந்தது. இன்னொன்று: ஜூலையில் மதுரை போகிறேன். அங்கே எனக்கு ரூட் கெனால், அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டுக்கும் இதிலிருந்து எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
உங்கள் பல்லுக்குத் தாராளமாக. சிகிச்சை வெளிநாட்டில் என்பது தடையில்லை. ரூபாய் ரசீதோடு அன்றைய டாலர் மதிப்பையும் குறித்து வையுங்கள். அப்பாவுக்கு முடியாது. இந்தியக் குடிமகனாக அங்கேயே வசிக்கும் பெற்றோர் இங்கே அமெரிக்க வரிக் கணக்கில் உங்கள் டிபென்டன்ட் (உங்களைச் சார்ந்திருப்பவர்) ஆக மாட்டார்கள். எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் வரும்.

அதைவிட முக்கியமானதைக் கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மனைவிக்கு அவர் கம்பெனியில் எஃப்எஸ்ஏ உண்டா? பொது மருத்துவச் செலவுக்கானது என்றால் அதில் உங்கள் செலவையும் காட்டலாம் அல்லவா? அதனாலேயே நீங்கள் எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியை இழப்பீர்கள். போட்டதை வரித் தாக்கல் கெடுவுக்குள் திரும்ப எடுக்காவிட்டால் ஆண்டுக்கு 6 சதவீதம் தண்டம்.

டல்லஸ்_மாப்பிள்ளை:
ஐயோ, அவள் 5,000 டாலருக்கு ஒன்று எடுத்திருக்கிறாளே! இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.

டல்லஸ்_மாப்பிள்ளை:
கேட்டுவிட்டேன். அது பையனின் டேகேர் கட்டணத்துக்கான எஃப்எஸ்ஏவாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் பிரச்சினையே இல்லை, அது வேறு இது வேறு. வரித் தாக்கலில் எச்எஸ்ஏவுக்கான 8889 படிவத்தை மட்டும் மறக்காதீர்கள்.