முதல் காட்டுக் கத்தி: கார்பனா, ஸ்டெயின்லெஸா, ஊர் அரிவாளா?

மலைச்சாரல் (கூடலூர்)
புஷ்கிராஃப்ட் (குறைந்த கருவிகளோடு காட்டில் சமாளிக்கும் கலை) பழக ஆரம்பிக்கிறேன், என்ன கத்தி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் கார்பன் ஸ்டீல் வாங்கு என்றுதான் இங்கே பதில் வருகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, அலமாரிக்குள் தொங்குகிற பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். அந்த ஈரத்தில் கார்பன் கத்தியைத் துடைக்காமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி வந்து நிற்கும். புதிதாக வருகிறவர் கத்தியைச் சரியாகப் பிடிக்கவே அப்போதுதான் பழகுகிறார், துருவையும் ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்? ஸ்வீடனின் மோரா நிறுவனம் செய்கிற கம்பேனியன் கத்தி, அதிலும் ஸ்டெயின்லெஸ் வகை, போதும். 12சி27 என்கிற ஸ்வீடன் எஃகு, கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். கூரும் நிற்கும், துருவும் சீக்கிரம் ஏறாது. ஸ்டெயின்லெஸ் கத்தியால் ஃபெரோ ராடில் (உரசினால் பொறி உதிர்க்கும் உலோகக் குச்சி) பொறி வராது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அது தவறு. பொறி ராடிலிருந்து உதிர்கிறது. கத்தி முதுகின் விளிம்பு செங்கோணமாக, சுருக்கென்று இருந்தால் எந்த எஃகும் வேலை செய்யும், உடைந்த கண்ணாடித் துண்டுகூடச் செய்யும். கம்பேனியனின் முதுகு கொஞ்சம் மழுங்கலாக வருவதால் அரத்தால் சில இழுப்பு இழுத்துத் தட்டையாக்கிக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வடக்குக்காடு (ஆஸ்லோ)
அண்ணா, ராடு விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்றது எனக்கு ஏற்பில்லை. நானும் மழைக்குள்தான் கத்தி பாவிக்கிறேன். ஒக்டோபர் மாதம் இங்கே நூர்மார்க்கா காட்டுக்குள் போனால் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், என் கார்பன் மோரா அதற்குள்தான் கிடக்கிறது. வெங்காயம், ஆப்பிள் என்று வெட்ட வெட்ட அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வந்துவிட்டது. அந்தப் படலம் செந்துருவை முற்றாகத் தடுக்காது, ஆனால் நன்றாகத் தாமதப்படுத்தும். வேலை முடிந்ததும் காற்சட்டையில் ஒரு துடை, வீட்டுக்கு வந்து ஒரு சொட்டு எண்ணெய். இதற்கு மேல் என்ன பராமரிப்பு வேண்டும்?

கார்பனை நான் விரும்புவதற்குக் காரணம் கூர். மழுங்கினால் உள்ளங்கை அகலக் கல் ஒன்றிலேயே கெதியாகத் திரும்பி வரும், கல்லில் உரசும்போதே எஃகு கரைவது கைக்குத் தெரியும். அந்த உணர்வுதான் தீட்டக் கற்றுக்கொடுக்கும். அடுத்தது சிக்கிமுக்கிக் கல். அங்கே பொறி எஃகிலிருந்துதான் வருகிறது, கடினப்படுத்திய கார்பன் எஃகு இல்லாமல் அது நடக்காது. துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் வாங்குகிறவர் துடைக்க மறப்பார், பிறகு கூர் பார்க்கவும் மறப்பார். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளும்போதுதான் கை வெட்டுப்படுகிறது.

பட்டறைவாசல் (திருப்பாச்சேத்தி பக்கம்)
ரெண்டு பேரும் ஸ்வீடனை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள். இரண்டரை மில்லி தடிமனும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத அலகும் கொண்ட கத்தியைக் கட்டையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடித்து விறகு பிளக்கிறார்கள், அதற்கு பேட்டனிங் என்று பேர் வேறு. கம்பேனியனில் இரும்பு பிடிக்குள் கடைசிவரை போவதுகூட இல்லை. நம் ஊரில் இந்த வேலைக்கு அரிவாள் இருக்கிறது. லாரியின் வில் பட்டையை அடித்து இழுத்துச் செய்தது, எடை முன்னால் இருப்பதால் வீச்சுக்குத் தானாக இறங்கும், மூங்கிலைப் பிளக்கும், மட்டை வெட்டும், முள்ளைக் கழிக்கும், வளைந்த மூக்கால் வெட்டியதை இழுத்தும் போடும்.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும், பளபளப்பைப் பார்த்து இல்லை. அரத்தை வாய்ப்பக்கம் லேசாக ஓட்டிப் பாருங்கள். தாராளமாகச் சீவிக்கொண்டு போனால் அது பச்சிரும்பு, துவைச்சல் (சூடாக்கி முக்கிக் கடினமாக்குவது) ஏறவில்லை. பிடிக்கவே பிடிக்காமல் வழுக்கினால் கடினம் கூடிப்போனது, கணுவில் பட்டால் வாய் பெயரும். அரம் தயங்கித் தயங்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் பதம். முதுகுப் பக்கம் வாயைவிட மெதுவாக இருந்தால் இன்னும் நல்லது, அடி வாங்கும். கைப்பிடிக் காம்பு ஆடுகிறதா என்று உதறியும் பாருங்கள்.

தெருவில் வரும் மோட்டார் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள். பொறி பறக்க அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாரித்தால் அங்கே ஏறத்தாழ 300 டிகிரி சூடு ஏறியிருக்கிறது, பட்டறையில் கொடுத்த பதம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் கல்லில் தீட்டுங்கள், நேரம் ஆகட்டும்.

மலைச்சாரல் (கூடலூர்)
பட்டறைவாசல் ஐயா, அரிவாளை நான் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் தினமும் அதில்தான் வேலை. ஆனால் ஈரக் கட்டையின் உள்வைரத்தை மெல்லிய சுருளாகச் சீவித் தீ மூட்டுவதற்கோ, கண்ணிப் பொறிக்கான கம்பு செதுக்குவதற்கோ அரிவாளைப் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும். அந்த வேலைக்குத்தான் பக்கத்துக்கு ஒரே ஒரு அகலச் சரிவுள்ள மோராவின் வாய். இன்னொன்று, அரிவாளைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறுவது. விவசாய, வீட்டு வேலைக் கருவிக்கு ஆயுத விதிகளில் விலக்கு உண்டு என்றாலும், நடுராத்திரி சோதனைச் சாவடியில் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை வைத்துக்கொண்டு புஷ்கிராஃப்ட் என்றால் என்ன என்று விளக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

வெட்டுவதற்கு முன் எங்கே வெட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவதோ மரம் வெட்டுவதோ 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆக நம் பயிற்சி எல்லாம் பட்டா நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, விழுந்து காய்ந்த கட்டையை வைத்துத்தான். அதற்கு மடக்கு ரம்பம் ஒன்று இருந்தால் பேட்டனிங்கும் வேண்டாம், வீச்சும் வேண்டாம்.

வடக்குக்காடு (ஆஸ்லோ)
ரம்பத்துக்கு என் ஓட்டும் உண்டு. இழுக்கும்போது அறுக்கிற பல்லாகப் பார்த்து வாங்குங்கள், அலகு மெல்லியதாக இருந்தாலும் வளையாது. களைத்துப்போய் இருட்டுக்குள் நிற்கிறபோது கோடரியைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. நோர்வேயிலும் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டுக்குள்ளோ காட்டுக்கு அருகிலோ திறந்த தீ பொதுவாகத் தடைதான், தகுந்த காரணம் இல்லாமல் ஊருக்குள் கத்தி கொண்டு திரியவும் முடியாது. காட்டால் வந்ததும் கத்தி பைக்குள் போய்விடும்.

ஆனால் அண்ணா, கார்பன் வேண்டாம் என்பதை மட்டும் நான் விடமாட்டேன். பட்டறைவாசல் ஐயா புகழ்கிற அரிவாளும் துருப்பிடிக்கிற எஃகுதானே? கூடலூர் மழையில் அது தலைமுறை தலைமுறையாக நிற்கிறது என்றால், ஒரு சின்னக் கத்தி ஏன் நிற்காது?

குருத்து
நான் புதியவன். வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது, அதையே கத்திக்குப் போடலாமா? தோல் உறை வாங்கலாமா, பிளாஸ்டிக்கே போதுமா?

பட்டறைவாசல் (திருப்பாச்சேத்தி பக்கம்)
தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போடலாம் தம்பி, சாப்பாட்டுக்கும் அதே கத்தியைப் பயன்படுத்தலாம். பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்து எடுக்க வேண்டும். மலைக்குளிரில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அதனால் கெடுதி இல்லை. நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு தூசியை இழுக்கும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

மலைச்சாரல் (கூடலூர்)
உறை பிளாஸ்டிக்கே போதும் குருத்து. தோல் ஈரத்தை உறிஞ்சி, பதனிட்ட உப்போடு சேர்த்து அலகிலேயே வைத்து அழுத்தும். தோல் உறைதான் பிடிக்கும் என்றால் இடுப்பில் இருக்கும்போது மட்டும் அதில் வையுங்கள், வீட்டில் கத்தி தனி, உறை தனி. பிளாஸ்டிக் உறைக்குள் மணல் சேர்ந்தால் வாய் போகும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

வடக்குக்காடு தம்பிக்கு: அரிவாள் நிற்கிறது என்றால் அதன் வாயைத் தினமும் தீட்டுகிறோம், துருவும் கல்லோடு போய்விடுகிறது. சனி ஞாயிறு மட்டும் எடுக்கிற கத்திக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஐந்து நாள் பெட்டிக்குள் கிடக்கிறபோதுதான் துரு வேலை செய்கிறது. குருத்து கேட்டால் என் பதில் அதேதான், ஸ்டெயின்லெஸ் கம்பேனியன், மடக்கு ரம்பம், 1000 கிரிட் (கல்லின் நயத்தைக் காட்டும் எண்) தண்ணீர்க் கல் ஒன்று. சரிவு முழுவதும் கல்லில் படிய வைத்துத் தீட்டு, கோணத்தை நீயாகத் தேட வேண்டியதில்லை.

வடக்குக்காடு (ஆஸ்லோ)
கல்லுக்கு நானும் உடன்படுகிறேன். கத்தியில் இல்லை. குருத்து, பெட்டிக்குள் வைக்க முன்னம் எண்ணெய் பூசுவாய் என்றால் கார்பன் வாங்கு.