‘குழலினி தியாழினி’: இங்கே தளை தட்டுகிறதா?

கேள்வி:
அறுபத்தாறாம் குறளை ‘குழலினி தியாழினி தென்பதம் மக்கள் / மழலைச்சொல் கேளா தவர்’ என்று சீர் பிரித்து, ஒவ்வொரு சீரையும் நேர் (மெய் நீங்கலாக ஓரெழுத்து அசை), நிரை (மெய் நீங்கலாக ஈரெழுத்து அசை) என அலகிட்டுப் பார்த்தேன். ‘குழலினி’ கருவிளம் (நிரை-நிரை), அடுத்த சீரைத் ‘தியா-ழினி’ என்று அசை பிரித்தால் அதுவும் கருவிளமாகிவிடுகிறது. விளத்தின் (நிரையில் முடியும் ஈரசைச் சீரின்) முன், அதாவது அதை அடுத்து, நிரை வருவதால், வெண்பாவுக்குரிய சீர் இணைப்பான வெண்டளை பிறழ்கிறதே! ஆனால் ‘குழலினிது யாழினிது என்பதம்’ என்று சந்தி பிரித்த பதிப்பில் இரண்டும் காய்ச்சீர்களாகி (நேரில் முடியும் மூவசைச் சீர்களாகி), தளை பிறழாமல் நிற்கிறது. அப்படியானால் சந்தி பிரித்த வடிவத்தையே அலகிடுவதுதான் முறையா?

மறுமொழி 1:
முறையன்று. ‘தி’யில் உள்ள இகரம் குற்றியலிகரம். ‘இனிது’ என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம், யகரம் வந்து புணரும்போது இகரமாகத் திரிந்து அரை மாத்திரையே ஒலிக்கிறது. அது சீரையும் தளையையும் சிதைக்குமிடத்து அலகு பெறாது (எழுத்தாக எண்ணப்படாது) என்று யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூல் தன் ஒழிபியல் பகுதியில் விதிக்கிறது. அதை நீக்கினால் ‘யா-ழினி’ கூவிளம் (நேர்-நிரை). விளத்தின் முன் நேர் வந்து இயற்சீர் வெண்டளை அமைகிறது. எதுகையும் (குழ, மழ) தெளிவாக இருக்கிறது.

மறுமொழி 2:
இந்தக் குறளில் சந்தி பிரித்தாலும் தளை பிழைத்துக்கொள்வதால்தான் ஐயம் எழுகிறது. 254ஆம் குறளைப் பாருங்கள்: ‘அருளல்ல தியாதெனிற் கொல்லாமை கோறல் / பொருளல்ல தவ்வூன் தினல்’. இதைப் பிரித்து ‘அருளல்லது’ என்று எழுதினால் ‘அரு-ளல்-லது’, அதாவது வெண்பாவுக்கு ஆகாத புளிமாங்கனி (நிரையில் முடியும் மூவசைச் சீர்) வந்துவிடும். ‘பொருளல்லது’ என்பதற்கும் அதே கதிதான். சேர்த்து எழுதி, ‘தி’யையும் எண்ணினாலோ, காய்முன் நிரை வந்து, வெண்பாவுக்கு ஆகாத கலித்தளையாகும். புணர்ந்த வடிவமும் அலகு பெறாத இகரமும் சேர்ந்தால்தான் இப்பாடல் வெண்பாவாக நிற்கிறது. பொருள் விளங்கச் சந்தி பிரித்து அச்சிடுவது வாசகருக்கு உதவியே, எனினும் யாப்பை ஆராயும்போது அந்த அச்சை நம்பி அலகிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் குற்றியலிகரத்தை எங்கு கண்டாலும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 1:
கூடாது. ‘சிதையின்’ என்ற நிபந்தனை விதியிலேயே இருக்கிறது. முதலில் எல்லா எழுத்துகளையும் எண்ணி அலகிடுங்கள். சீரோ தளையோ கெடும் இடத்தில் மட்டும் அதை எழுத்தாகக் கொள்ளாமல் விடுங்கள்.