விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கல்லடியான்:
வீட்டில் வைத்து நோட்டீஸ், நினைவுமலர் டைப்செட்டிங் செய்கிறேன். போன கிழமை ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. நேரம் இரவு எட்டு மணி, அடக்கம் மறுநாள் காலை. விறாந்தையில் இருந்தவர்களிடம் மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே வந்தால், கம்பியூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று நிற்கிறது. 27 சதவீதத்தில் நின்றது நின்றதுதான். செத்த வீட்டுக்காரரிடம் விண்டோஸ் விடுகுதில்லை என்று எப்படிச் சொல்ல? கடைசியில் டவுனுக்குப் போய் வேறு இடத்தில் அடித்தார்கள். இந்தச் சனியனை ஒரேயடியாக நிறுத்த வழி சொல்லுங்கள்.

கல்முனை_நெட்:
அண்ணன், நிறுத்த மட்டும் வேண்டாம். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் வந்து, உலகம் முழுக்கக் கம்பியூட்டர்களில் பைல்களைப் பூட்டி வைத்துக் காசு கேட்டதே, ஞாபகமா? அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே விட்டிருந்தது. போடாமல் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. உங்களிடம் ஊர்ச்சனத்தின் பென்டிரைவ் எல்லாம் வந்து போகும். மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அப்டேட் அவசியம்.

வாவிக்கரை:
வன்னாகிரை கதையை இன்னும் எத்தனை வருடத்துக்குச் சொல்வீர்கள்? 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டொகியுமென்ட்ஸ் போல்டரையே துடைத்துவிட்டது. மைக்ரோசொப்டே சில நாளில் அதை நிறுத்தி வைத்தது. 2021 மார்ச்சில் வந்ததைப் போட்டவர்களுக்கு, சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்த உடனே நீலத்திரை வந்து மெஷின் நின்றது. காவலுக்கு வைத்தவனே அலுமாரியைத் திறந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதோடு டேட்டா. எங்கள் வீட்டில் டொங்கல்தான். மகளின் சூம் வகுப்புக்குப் போட்ட பக்கேஜை இது ராவோடு ராவாகக் குடித்துவிடும்.

கல்முனை_நெட்:
2021ஐச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். அதே வருடம் ஜூலையில் பிரிண்ட் வேலைகளை வரிசையில் அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய ஓட்டை, பிரிண்ட்நைட்மேர் என்று பெயர். வழமையான மாத நாள்வரை காத்திருக்காமல் அவசரமாக அப்டேட் விட்டார்கள். பிரிண்டர் வைத்துப் பிழைப்பவருக்கு அது வேண்டாமா?

டேட்டாவுக்கு வழி இருக்கிறது. வைபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவான டேட்டா உள்ள இணைப்பு என்று ஆக்குங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது. அண்ணன் 'அக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அதில் கொடுக்கும் நேரத்துக்குள் அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 10இல் கைவைக்காவிட்டால் காலை 8 முதல் மாலை 5 வரைதான் இருக்கும். ஒபிஸ்காரருக்குச் சரி, உங்களுக்கோ இரவில்தான் வேலை. 18 மணித்தியாலம் வரை நீட்டலாம். வேலை நெருக்கினால் 35 நாள் வரை அப்டேட்டை 'போஸ்' பண்ணி நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது முடிந்தால் வந்ததைப் போட்ட பிறகுதான் மறுபடி போஸ்.

கல்லடியான்:
காசு கொடுத்து வாங்கிய மெஷினிடம் நான் எத்தனை மணிக்கு வேலை செய்வேன் என்று மனுப் போட வேண்டுமா தம்பி? செத்த வீடு நேரம் பார்த்தா வரும்? என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்று_ரிப்பேர்:
எங்கள் கடைக்கு வருகிற மெஷின்களில் நிறைய, அப்டேட்டை அணைத்து வைத்தவைதான். காசு கட்டாத கிராக் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் அப்டேட் சேர்விஸையே நிறுத்திவிடுவார். மறுகா வைரஸ் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் அப்டேட் ஏறும்போது டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், மவுஸ்கூட நகராது. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றினால் பாதித் தொல்லை போய்விடும். மாரி காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடவிடும் யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் விடாதீர்கள். இடையில் அணைந்துபோய், பூட் ஆகாமல் வந்த மெஷின்களைக் கண்டிருக்கிறேன்.

வாவிக்கரை:
காக்கா, எஸ்எஸ்டிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் மைக்ரோசொப்ட் காசு தருமா? என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3 புரொசசர் உள்ள பழைய மெஷின். விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லையாம். 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வேண்டாம் என்ற நாளெல்லாம் வலிய வந்தது. இப்போது வேண்டும் என்றால் புது மெஷின் வாங்கு என்கிறார்கள்.

கல்முனை_நெட்:
இதில் நான் உங்கள் பக்கம். நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்தான். வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்திருக்கிறார்கள். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் காசு இல்லாமல் பதியலாம்.

கல்லடியான்:
சரி, அக்டிவ் அவர்ஸைப் பகல் 10 முதல் அதிகாலை 4 வரை என்று மாற்றிவிட்டேன். இப்போது ஒரு சந்தேகம். படுக்கப் போகும்போது நான் மெஷினை அணைத்துவிடுவேன். அப்ப இது எப்பதான் ஏறும்?

அக்கரைப்பற்று_ரிப்பேர்:
அணைக்கும் இடத்தில் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று வந்தால் அதை அமுக்கிவிட்டுப் படுங்கள். யூபிஎஸ் இருந்தால் மட்டும்.

கல்லடியான்:
யூபிஎஸ் இப்ப என்ன விலை காக்கா?