கைப்பேசிக் கடையிலிருந்து பார்த்த தொற்றுக் காலம்

கொரோனாக் காலத்துச் சமூக ஊடகப் பழக்கம் பற்றி இங்கே முன்னர் எழுதிய நண்பர்களில் பலர், ஊரடங்கில் கைப்பேசியோடு கழித்த நேரம் எவ்வளவு கூடியது என்பதையே பெரிதும் எழுதியிருக்கிறார்கள். தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ரீசார்ஜ், பழுதுபார்ப்பு, பழைய போன் விற்பனை என்று கடை நடத்தும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறொரு மாற்றம். அதுவரை சமூக ஊடகத்தின் பக்கமே வராதவர்கள் 2020ஆம் ஆண்டில் வேறு வழியின்றி உள்ளே வந்தார்கள். எந்த வாசல் வழியாக வந்தார்களோ, அதுவே அவர்கள் எதை நம்பினார்கள் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது.

2016இல் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகும் எங்கள் ஊரில் தொடுதிரை போன் என்பது பெரும்பாலும் இளைஞர்களின் பொருளாகவே இருந்தது. வீட்டுப் பெண்களிடம் பட்டன் போன் இருக்கும். வயதானவர்கள் மெமரி கார்டில் பழைய பாட்டு ஏற்றித் தரச் சொல்லிக் கடைக்கு வருவார்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி மூலம் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி வாட்ஸாப்பில் ஓடி, பல்லடம், நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்களை நட்டத்தில் தள்ளியபோதுகூட, எங்கள் ஊரில் அதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னவர்கள் அந்த இளைஞர்கள்தான். பாதி ஊர் அதை வாய்ச் செய்தியாகவே கேட்டது.

மே மாதத்தில் தளர்வு வந்து கடையைத் திறந்த பிறகுதான் நிலைமை மாறியிருப்பது புரிந்தது. டெம்பர் கிளாஸ் ஒட்டவோ டிஸ்ப்ளே மாற்றவோ வந்தவர்கள் குறைவு. பழைய போன் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களே அதிகம். தனியார் பள்ளிகள் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தாலும், வீட்டுப்பாடமும் அறிவிப்பும் ஆசிரியர் தொடங்கிய வாட்ஸாப் குழுவில்தான் வந்தன. பீடி சுற்றும் பெண் ஒருவர், வேலை நின்றுபோயிருந்த அந்தச் சமயத்திலும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை மேசைமேல் எண்ணி வைத்துவிட்டு, “அண்ணாச்சி, டீச்சர் சொன்ன குரூப்பு இதுல வந்துரும்லா?” என்று கேட்டார். கேமராவைப் பற்றியோ பேட்டரியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குழு வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி வாங்கிய போன் பகலில் பிள்ளையிடமும், இரவில் தாயிடமும், இடையில் தகப்பனிடமும் இருந்தது. தாயின் கைக்கு வந்த சில வாரங்களில் குடும்பக் குழு, தெருக் குழு, கோயில் கொடைக் குழு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இவர்களுக்குச் சமூக ஊடகம் அறிமுகமானதே வாத்தியாரும் மைனியும் எழுதும் இடமாகத்தான். அங்கே வருவது யாவும் தெரிந்தவர் சொன்ன செய்தியாகவே அவர்களுக்குப் பட்டது. 2020 ஏப்ரலிலேயே வாட்ஸாப் நிறுவனம், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. அப்படிப் பலமுறை கைமாறிய செய்தியின் மேலே தெரியும் இரட்டை அம்புக்குறிக்கு என்ன பொருள் என்று என் வாடிக்கையாளர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிலர் அதை முக்கியச் செய்திக்கான முத்திரை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. கடைக்காரனாகிய எனக்கு போனுக்குப் போன் பாட்டும் படமும் அனுப்பப் பயன்பட்ட ஷேர்இட் போனதுதான் முதல் இடைஞ்சல் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊருக்கு இழப்பு டிக்டாக். வயல் வேலைக்குப் போகும் பெண்களும் கொத்தனார் கையாட்களும் தங்கள் முகத்தைத் தாங்களே ஊருக்குக் காட்டிய மேடை அது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் வந்தன. கல்லூரிப் பிள்ளைகள் உடனே மாறிக்கொண்டார்கள். டிக்டாக்கில் ஆடிப் பாடிய நடுவயதினர் பலர் மாறவில்லை. “அது படிச்ச பிள்ளைகளுக்கு உள்ளது” என்று ஒருவர் சொன்னார். அவர்கள் மறுபடி பார்வையாளர்களாகவே திரும்பி, யூடியூபில் சமையல் பார்க்கத் தொடங்கினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டதில் இப்படிப்பட்ட வீடுகளுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குழுவில் வருவதைத் தெரிந்தவர் சொன்னதாகவே நம்பும் பழக்கம் இரண்டாம் அலையில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறையினரும் மருத்துவர்களும் விளக்கினார்கள். பின்னர் நடந்த மத்தியக் குழு ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் அந்த வாரத்தில் கடைக்கு வந்தவர்கள் என்னிடம் காட்டியது ஆளாளுக்கு ஒரு குரல் பதிவைத்தான். பேசியவர் யார், எங்கிருந்து பேசினார் என்று எதிலும் இல்லை. தொலைக்காட்சியில் வந்த மறுப்பைவிட எங்கள் ஊரில் வேலை செய்தது ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் அதே தெருக் குழுவில் அனுப்பிய ஒரு நிமிடப் பதிவு. தான் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டதையும், மறுநாள் காய்ச்சல் வந்து போனதையும், யாரெல்லாம் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லி, சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம் என்றும் முடித்திருந்தார். குரல் தெரிந்த குரல். வதந்தி எந்த வழியாக வந்ததோ, அதே வழியாகத்தான் மறுப்பும் வர வேண்டியிருந்தது.

ட்விட்டரின் கதை வேறு. மருத்துவமனைப் படுக்கை, ஆக்சிஜன், ரெம்டெசிவிர் மருந்து தேடி நாடே அதில் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்படிக் குறை எழுதுபவர்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே ஏப்ரல் 30 அன்று எச்சரித்தது. தமிழக அரசும் 104 என்ற உதவி எண்ணின் பெயரிலேயே ஒரு ட்விட்டர் கணக்கைத் தொடங்கிப் படுக்கை கேட்பவர்களுக்குப் பதிலளித்தது. இவையெல்லாம் பலரைக் காப்பாற்றின என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதில் வேகமாகப் பதில் பெற்றவர்கள், நோயாளியின் வயது, ஆக்சிஜன் அளவு, ஊர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள், அல்லது பின்தொடர்பவர் அதிகம் உள்ள ஒருவரைத் தெரிந்தவர்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து தன் மாமாவுக்காக எழுதினான்; வந்த எண்கள் பெரும்பாலும் சென்னை, கோவை மருத்துவமனைகளுடையவை. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று நேரத்தோடு குறித்து வந்த எண்களில்கூடச் சில அணைத்து வைக்கப்பட்டிருந்தன. கடைசியில் படுக்கை கிடைத்தது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன தகவலால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அச்சகங்கள் மூடிக் கிடந்ததால் அந்தச் சுவரொட்டி வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு மாறியது. கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். விமானங்கள் நின்றிருந்த மாதங்களில் பெற்றவர்களின் இறுதிச் சடங்கை அவர்கள் வீடியோ அழைப்பில் பார்த்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஓர் உறவுக்காரப் பையனை நியமிப்பது அப்போது ஏற்பட்டது, இப்போதும் தொடர்கிறது. சுவரொட்டி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அச்சுக்குப் போகும் முன்பே அதன் படம் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது.

வகுப்புக்கென்று வாங்கிய போன்கள் பள்ளிகள் திறந்த பிறகும் பெண்களிடமே தங்கிவிட்டன. சுய உதவிக் குழுவின் தவணை நினைவூட்டலும் சேலை வியாபாரமும் இப்போது அவற்றில்தான் நடக்கின்றன. எங்கள் ஊர் விவசாயமும் பீடியும் சார்ந்தது. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில், குறிப்பாக வெளிமாநிலத் தொழிலாளர்களிடையே, இந்த மாற்றம் எப்படி இருந்தது என்பதை அங்குள்ள நண்பர்கள் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.