ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று முதலாளிக்கு எப்படித் தெரிந்தது?

லோரி அண்ணன், சுங்கை சிப்புட், மலேசியா

எங்கள் ஊரில் ஒருவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கைப்பேசியே வேண்டாம். ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். யார் ஈப்போ போயிருக்கிறார், யாருடைய மோட்டார் சைக்கிள் யார் வீட்டு முன்னால் நிற்கிறது, எல்லாம் தானாக வந்து சேரும். 52 வருஷமாக இப்படியே பழகிவிட்டேன். அதனால் லொகேஷன், பிரைவசி என்று பிள்ளைகள் பேசினால் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் செம்பனைக் குலை (பாமாயில் பழக்குலை) ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். தோட்டத்திலிருந்து ஆலைக்கு நாளைக்கு மூன்று நடை, குலை அதிகமாக விழுந்தால் நான்கு. முன்பு பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலையாட்கள் கூடும் இடத்தில், பெயர் கூப்பிடுவார்கள், கிராணி புத்தகத்தில் கோடு போடுவார், முடிந்தது. போன வருஷம் எங்கள் குத்தகை முதலாளி எல்லா டிரைவரும் ஓர் ஆப் போட வேண்டும் என்றார். ஆலை கேட்டில் நின்று பொத்தானை அமுக்கினால் வருகை பதிவாகிவிடும். ஆபீஸ் பையன் என் போனை வாங்கி, கேட்டதற்கெல்லாம் ‘ஓகே’ அமுக்கித் திருப்பிக் கொடுத்தான். நானும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலகங்சாரில் மச்சான் மகளுக்கு வளைகாப்பு. இலையில் ரசம் ஊற்றும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். “அண்ணே, கோலகங்சார்லதானே இருக்கீங்க? வரும்போது வழக்கமான கடையில ஒரு ஃபேன் பெல்ட் எடுத்துட்டு வந்துடுங்க.” சரி என்று சொல்லிவிட்டேன். பெல்ட்டையும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த ரசம் தொண்டையில் இறங்கவில்லை. வளைகாப்பு என்று அவரிடம் நான் சொல்லவே இல்லையே!

ஒட்டுக்கடையில் என்னைப் பற்றி யாராவது பேசினால், பேசியது யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். அவர் கதையை நான் எடுத்துவிடுவேன், கணக்கு நேராகிவிடும். இது என் சட்டைப் பையில் உட்கார்ந்துகொண்டே போட்டுக்கொடுத்திருக்கிறது.

அன்று இரவு மகளை உட்கார வைத்துப் பார்த்தேன். செட்டிங்ஸில் ‘இருப்பிடம்’ என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே எந்தெந்த ஆப்புக்கு என்ன அனுமதி என்ற பட்டியல். ‘எல்லா நேரத்திலும்’ என்ற தலைப்பின் கீழே வருகை ஆப் உட்கார்ந்திருந்தது. கூடவே ராசிபலன் ஆப், நாலு நம்பர் லாட்டரி முடிவு பார்க்கிற ஆப், ஒரு டார்ச் லைட். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரிந்தால் டார்ச் லைட்டுக்கு வெளிச்சம் கூடுமா? அதை அழித்தேன். மற்ற இரண்டுக்கும் ‘அனுமதிக்காதே’. வருகை ஆப்புக்கு மட்டும் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து போன்: “உங்க ஆப் சிவப்பு காட்டுது.” நேரே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேலை நேரத்தில் பாருங்கள், சம்பளம் கொடுக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. பாவம், அவரும் கெட்டவர் இல்லை. “நான் தேடிப் பாக்கல அண்ணே. மேப்ல எல்லா லோரியும் ஒண்ணா நின்னுச்சு, ஒரு புள்ளி மட்டும் தள்ளி நின்னுச்சு, நீங்கன்னு தெரிஞ்சுச்சு” என்றார். லோரி ஷெட்டில், நான் பந்தியில். பெயர் என்னவோ லோரிதான், புள்ளி நான்.

இன்னொன்று. அந்த ஆப்புக்கு ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை நான் அணைக்கவில்லை. ஒரு தடவை மரத்தடியில் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் காட்டி அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எடை போட்ட சீட்டைக் காட்டித்தான் மீட்டேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

முறுக்கு அக்கா, லிந்தாங் பக்கம்

அண்ணே, உங்களுக்கு முதலாளி. எனக்கு ஒரு கிலோ முறுக்கு.

தீபாவளி நேரத்தில் வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் மங்கலாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். தெளிவாகப் போகட்டும் என்று அதையே டாக்குமெண்டாக அனுப்பினேன். மறுநாள் இரவு 9 மணிக்கு அவர் என் வீட்டு கேட் முன்னால் நிற்கிறார். கணவருக்கு ராத்திரி ஷிப்ட், நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். “டெலிவரி காசு மிச்சமாகட்டும்னு நானே வந்துட்டேன் சிஸ்டர். அட்ரஸ்தான் படத்துலயே இருக்கே” என்கிறார் சிரித்துக்கொண்டே. நல்ல மனிதர்தான், இன்னும் என்னிடம் வாங்குகிறார். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது நடுங்கியதுதான்.

படத்தில் அட்ரஸ் எங்கே இருக்கிறது என்று முறுக்குத் தட்டையே உற்று உற்றுப் பார்த்தேன். அப்புறம்தான் தம்பி காட்டினான். கேலரியில் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினால் ஒரு குட்டி வரைபடம், அதில் எங்கள் வீட்டுக் கூரை. கேமரா எடுக்கும்போதே படத்துக்குள் இடத்தையும் எழுதி வைத்துவிடுகிறதாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸில் ‘லொகேஷன் டேக்’ அணைத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்பு எடுத்த படங்களில் எல்லாம் அது இருக்கிறது, ஞாபகம் வையுங்கள். இப்போது முறுக்கு வாங்க வருகிறவர்களுக்கு மாரியம்மன் கோயில் வாசல்தான் அட்ரஸ்.

ஒரு மகள், ஜொகூர் பாரு

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன். எங்கள் அம்மாவுக்கு லொகேஷன் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான்தான் போட்டேன்.

அம்மாவுக்கு 74. தம்பியோடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார். கொஞ்ச நாளாக மறதி. கூகல் மேப்பில் ‘நிறுத்தும் வரை பகிர்’ என்று போடுவதற்கு முன்னால் கேட்டேன்: “அம்மா, நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் இங்கேருந்து பாத்துக்கவா?” “பாரு. எனக்கே தெரியாமப் போச்சுன்னா நீ சொல்லு” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தம்பி கூப்பிட்டான், அம்மாவைக் காணோம். மேப்பைத் திறந்தால், சாலையே இல்லாத பச்சைக்கு நடுவில் அம்மாவின் படம் நிற்கிறது. பக்கத்தில் ‘40 நிமிடங்களுக்கு முன்பு’. அங்கே லைன் கிடைக்காது, அதனால் கடைசியாகத் தெரிந்த இடத்தோடு நின்றுவிட்டது. தம்பிக்கு அந்தப் புள்ளியை அனுப்பினேன். ஒரு மண்டோரை (தோட்ட மேற்பார்வையாளரை) கூட்டிக்கொண்டு செம்பனைக்குள்ளே மோட்டாரில் போனான்.

அம்மா ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். அது பழைய முனீஸ்வரர் கோயில் அடித்தளமாம். அம்மா 30 வருஷம் ரப்பர் பால் வெட்டிய தோட்டம் அது. பால் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோதே தொழிலாளர் லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். “ஆயாக்கொட்டகை எங்கடா? தங்கச்சியைத் தூக்கிட்டு வரணும், நேரமாச்சு” என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். ஆயாக்கொட்டகை என்றால் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். தங்கச்சி என்றது என்னை.

சிலருக்கு ஓர் உபயோகத் தகவல்: முதல் வாரம் அந்தப் புள்ளி அடிக்கடி உறைந்து நின்றது. பேட்டரியை மிச்சப்படுத்தக் கைப்பேசியே மேப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. பேட்டரி செட்டிங்ஸில் மேப்புக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிய பிறகுதான் சரியானது. பெரிய அக்கா வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொடுக்கவில்லை. நானும் தம்பியும் போதும். அவருக்கு வருத்தம்தான்.

கைப்பேசிக் கடை, சுங்கை சிப்புட்

அண்ணே, உங்கள் புள்ளி ஆற்றைத் தாண்டியதற்குக் காரணம் செம்பனை ஓலை. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னல். வந்து சேரும்போது அதில் பலமே இருக்காது. அடர்ந்த ஓலைக்கு அடியில் இன்னும் குழம்பும். செயற்கைக்கோள் நம்மைப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நம்மைத் தெரியவே தெரியாது. கைப்பேசி அதைக் கேட்டு, தானே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது. வெளியே சொல்வது ஆப்தான். அதனால்தான் அனுமதிப் பட்டியல் முக்கியம் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

ஆண்ட்ராய்ட் 12 (2021) தொடங்கி, ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 தொடங்கி, ‘துல்லியம்’ தனியாக அணைக்கலாம். ஆண்ட்ராய்டில் தோராயம் என்று வைத்தால், சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் ஆப்புக்குத் தெரியும். மழை வருமா என்று பார்க்க அது தாராளம். கிராப் வாடகைக் கார் கூப்பிடப் போதாது, டிரைவர் அடுத்த தாமானில் நிற்பார்.

கடைக்கு வருகிறவர்கள் மேலே இருக்கிற லொகேஷன் பொத்தானை அணைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்கிறார்கள். லைன் இருக்கும் வரை எந்த கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்று டெலிகாமுக்குத் தெரியும், அதைப் பொத்தான் மறைக்காது. இன்னொரு தொல்லை, அனுமதிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பகிர்வை மறந்துவிடுவது. கூகல் மேப்பில் உங்கள் படத்தைத் தட்டினால் ‘இருப்பிடப் பகிர்வு’, அங்கே யார் யார் பார்க்கிறார்கள் என்று பெயரோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள்ளே ‘லைவ் லொகேஷன்’. அது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று தானாக நின்றுவிடும், அதனால் எனக்குப் பிடிக்கும். ஐபோனில் ‘ஃபைண்ட் மை’.

போன மாதம் ஒருவர் 200 வெள்ளியை (ரிங்கிட்) மேசையில் வைத்து, மனைவியின் போனில் தெரியாமல் ஏதாவது போட்டுத் தரச் சொன்னார். காசைத் திருப்பித் தள்ளினேன். ஊரில் வேறு கடை இல்லாமலா, அது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அடிக்குப் பயந்து இருக்கிறீர்கள், உங்கள் போனை ஒருவர் பார்க்கிறார் என்று சந்தேகம் இருந்தால், படபடவென்று எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். புள்ளி மறைந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் வேறு ஒருவர் போனிலிருந்து தாலியான் காசே (Talian Kasih) உதவி எண் 15999-க்கு அழையுங்கள். உடனே ஆபத்து என்றால் 999.

லோரி அண்ணனுக்கு இன்னொரு வார்த்தை. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. நம் தகவலை எதற்கு எடுக்கிறார்கள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும். அந்தத் தாளை ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

லோரி அண்ணன்

கேட்டேன் தம்பி. “அப்படி ஒரு தாளா?” என்றான் ஆபீஸ் பையன். முதலாளி தேடிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் அணைத்துவிட்டார்கள், அது வரைக்கும் லாபம்.

ஜொகூர் தங்கச்சி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ நீங்க ராத்திரி நடை போறப்ப எனக்கும் அனுப்புங்க” என்றாள். வாட்ஸ்அப்பில் 1 மணி நேரம் அனுப்பினேன். 8 மணி நேரம் வேண்டுமாம்.